சாய்ஸ் லிஸ்டில் எதை மேலே போடுவது?

வருஷா வருஷம் நீட் பி.ஜி. ரிசல்ட் வந்த கையோடு என் வாட்ஸாப்பில் எக்ஸெல் ஷீட்டுகள் வந்து குவிய ஆரம்பிக்கும். அனகாபுத்தூர், பொழிச்சலூர், குரோம்பேட்டை, எங்கள் பம்மல் என்று இந்தப் பக்கமெல்லாம் எம்.பி.பி.எஸ். முடித்த பிள்ளைகள் இப்போது நிறைய. நான் ஒரு மெடிக்கல் காலேஜில் மைக்ரோபயாலஜி பாடம் எடுப்பவள். அதனால் கவுன்சலிங் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இருக்காது என்று இவர்களுடைய அம்மாக்கள் நம்புகிறார்கள். ஷீட் எல்லாம் ஒரே அச்சு: காலேஜ் பெயர், பிராஞ்ச், போன வருஷம் எந்த ரேங்க்கில் மூடியது. நான்காவதாக ஒரு கட்டம் இருந்தால் அதில் ஸ்டைபெண்ட் இருக்கும்.

இந்த முறை பம்மல் சங்கர் நகரிலிருந்து வந்த பெண் வேறு மாதிரி. "அக்கா, எனக்கு க்ளினிக் போடுற ஆசையே கிடையாது. பாடம் எடுக்கணும், ரிசர்ச் பண்ணணும். அதுக்கு லிஸ்ட்டை எப்படிப் போடறது?" என்றாள். கூட வந்திருந்த அவள் அப்பா, "வாத்தியார் வேலைக்கா இத்தனை வருஷம் டாக்டருக்குப் படிக்க வெச்சேன், நீங்களே சொல்லுங்க மேடம்" என்றார். அந்த வேலையைப் பார்க்கிறவளிடமே இதைக் கேட்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. காபி கொடுத்தேன்.

அன்றைக்கு அவளிடம் சொன்னதையும், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் உதவலாம்.

முதலில் எல்லோரையும் பிடித்து ஆட்டும் ஒரு பயம். "என் ரேங்க்குக்குக் கிடைக்காத சீட்டை மேலே போட்டா, கிடைக்க வேண்டியதும் போயிடுமா?" போகாது. கவுன்சலிங் கம்ப்யூட்டர் செய்வது, பந்தியில் உட்கார்ந்த வரிசையிலேயே பரிமாறிக்கொண்டு போவதைத்தான். உனக்கு முன்னால் இருக்கிற ரேங்க்காரர்கள் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு உன்னிடம் வரும். உன் லிஸ்டை மேலிருந்து படிக்கும். காலியாக இருக்கிற, உன் கோட்டாவுக்குப் பொருந்துகிற முதல் சீட்டை உனக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடும். நீ மேலே எழுதிய எட்டாத கனிகளுக்காக உன்னைத் தண்டிக்காது. எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம். ஆகவே போன வருஷ க்ளோசிங் ரேங்க்கை வைத்து லிஸ்டை வரிசைப்படுத்துவதில் அர்த்தமே இல்லை. அந்த எண் எது கிடைக்கக்கூடும் என்பதைக் காட்டும். உனக்கு எது வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

அமெரிக்காவில் ரெசிடென்ஸிக்கு 'மேட்ச்' என்று ஒன்று நடக்கிறது, 1952-லிருந்து. அங்கே மாணவர் மருத்துவமனைகளை வரிசைப்படுத்துவார், இன்டர்வியூ செய்த மருத்துவமனைகளும் மாணவர்களை வரிசைப்படுத்தும், இரண்டையும் பொருத்திப் பார்த்து மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை முடிவைச் சொல்வார்கள். அந்தப் பொருத்தத்தின் கணக்கை 1990-களில் திருத்தி அமைத்தவர் ஆல்வின் ராத். அவருக்கும் லாயிட் ஷேப்லிக்கும் 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. அங்கேயும் விண்ணப்பிக்கிறவருக்குச் சொல்லப்படும் அறிவுரை இதுதான்: உள்ளபடி எழுது, கெட்டிக்காரத்தனம் வேண்டாம்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே இன்டர்வியூவுக்குப் போகிற சாக்கில் மாணவர் அந்தத் துறையைக் கண்ணால் பார்த்துவிடுகிறார். உன்னைத் தேர்ந்தெடுப்பதில் இங்கே துறைக்கு எந்தப் பங்கும் இல்லை. இருநூறு கேள்வி, எண்ணூறு மதிப்பெண், மூன்றரை மணி நேரம், ஒரு ரேங்க். உன் புரொஃபசர் உன்னை முதன்முதலாகப் பார்ப்பது நீ ஜாய்னிங் ரிப்போர்ட்டோடு நிற்கும்போது. அவரைப் பற்றி நீ விசாரிக்காவிட்டால் உனக்குச் சொல்ல வேறு ஆள் கிடையாது. அந்த எக்ஸெல் ஷீட்டில் இல்லாத கட்டம் இதுதான்: அங்கே யார் இருக்கிறார்கள், அவர்கள் என்ன கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

இது ஏன் முக்கியம் என்று சொல்ல எனக்கு ஒரு பழைய கதை தேவைப்படுகிறது. என் துறைக் கதை. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

1985 கடைசி. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் செல்லப்பன் நிர்மலா என்ற மைக்ரோபயாலஜி பி.ஜி. மாணவி தீசிஸுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தார். அவருடைய புரொஃபசர் சுனிதி சாலமன். எய்ட்ஸ் அப்போது அமெரிக்காவில் பெரிய செய்தி. இந்தியாவில் 'நம்ம ஊருக்கு அதெல்லாம் வராது' என்ற பேச்சு. சாலமன், அதைத் தேடிப் பார் என்றார். நிர்மலாவுக்கு அவ்வளவு விருப்பமில்லை. கணவர்தான் தைரியம் சொன்னார். மும்பை போல மெட்ராஸில் பாலியல் தொழிலுக்கென்று தனிப் பகுதி கிடையாது என்பதால், மயிலாப்பூரில் இருந்த காவல் இல்லத்துக்குப் போய் அங்கே அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். கையுறை கிடையாது. சீரத்தை வைக்க வேறு வசதி இல்லாமல் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். சுமார் எண்பது மாதிரிகள் சேர்ந்தன.

மெட்ராஸில் எலைசா பரிசோதனைக்கு வசதி இல்லை. சாலமன் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் ஜானிடம் பேசி ஏற்பாடு செய்தார். நிர்மலாவும் கணவரும் ஐஸ் பெட்டியோடு ராத்திரி ரயிலில் காட்பாடிக்குப் போனார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. 1986-ல் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது இப்படித்தான். ஒரு பி.ஜி. மாணவியின் தீசிஸில்.

இந்தக் கதையை நான் வகுப்பில் சொல்லும்போது ஒரு குறையையும் சேர்த்தே சொல்வேன். காவலில் இருந்த அந்தப் பெண்களிடம் எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று முழுதாகச் சொல்லப்படவில்லை. இன்றைக்கு எந்த எதிக்ஸ் கமிட்டியும் அதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆய்வின் பெருமையை மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிட்டால் பாதிப் பாடம் எடுத்ததாக அர்த்தம்.

இப்போது அந்தக் கதையை ஒரு சாய்ஸ் லிஸ்டாகப் படித்துப் பாருங்கள். பிராஞ்ச் மைக்ரோபயாலஜி, எந்த ஷீட்டிலும் கடைசிப் பக்கத்தில் இருப்பது. கருவிகள் இல்லாத துறை. ஆனால் உலகத்தில் என்ன நடக்கிறது என்று படித்துக்கொண்டிருந்த ஒரு புரொஃபசர் இருந்தார். வேறொரு நிறுவனத்துக்குப் போன் போட்டால் கதவைத் திறக்கிற அளவுக்கு அவருக்குப் பழக்கம் இருந்தது. மாணவியை ஒரு நிஜமான கேள்வியோடு வெளியே அனுப்புகிற மனசும் இருந்தது. சுனிதி சாலமன் 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கினார். எங்கள் ரயில் பாதையிலேயே இருக்கிற தாம்பரம் சானடோரியம் நெஞ்சக மருத்துவமனை, 1928-ல் டாக்டர் சவுரி முத்து காசநோய்க்காக ஆரம்பித்தது, பிற்பாடு நாட்டின் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றானது. பல்லாவரத்தில் ஏறி அந்த ஸ்டேஷனைத் தாண்டிப் போகிற எத்தனை மெடிக்கல் மாணவர்களுக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம்.

சானடோரியம் என்றதும் இன்னொன்று. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிசிகிச்சை மையம் ஆரம்பித்தார்கள். இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். நோயாளியை சானடோரியத்தில் படுக்க வைத்துச் சத்தான சாப்பாடு கொடுத்தால்தான் குணமாகுமா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதாதா என்று அங்கே ஒரு கேள்வி கேட்டார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது: வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது, வீட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்களுக்கு மவுசு குறைந்ததில் இந்த மெட்ராஸ் ஆய்வுக்குப் பங்கு உண்டு. படுக்கை போதாத ஊரில்தான் அந்தக் கேள்வி பிறக்கும். ஆய்வுக்கு டெல்லிக்குப் போனால்தான் ஆகும் என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்கலாம்.

சரி, விசாரிப்பது எப்படி?

நான் அந்தப் பெண்ணுக்குச் சொன்ன முதல் வேலை, தீசிஸ்களைப் படி என்பது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் பி.ஜி. ஆய்வேடுகளை ஏற்றி வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்தே பார்க்கலாம், காசு கிடையாது. உனக்குப் பிடித்த பிராஞ்ச், நீ யோசிக்கிற காலேஜ், கடைசி நாலைந்து வருஷத் தலைப்புகள். ஒரே தலைப்பு நோயின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வருஷா வருஷம் வருகிறதா? எல்லாமே 'ஒரு மூன்றாம் நிலை மருத்துவமனையில் இன்ன நோயின் தோற்றம்' என்ற வகையா? அல்லது முந்தைய வருஷ மாணவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர்ந்திருக்கிறாரா? கடைசி வகைத் துறை அபூர்வம். கண்ணில் பட்டால் லிஸ்டில் மேலே ஏற்று. மெதடாலஜி அத்தியாயத்தைப் படித்தால் இன்னொன்றும் தெரியும்: மாதிரி அளவை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று விளக்கியிருக்கிறார்களா, அல்லது வந்தவரை வரவு என்று ஐம்பதோ நூறோ போட்டு முடித்துவிட்டார்களா.

இரண்டாவது, பப்மெடில் அந்தத் துறையின் பெயரைப் போட்டுத் தேடு. கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதே. முதல் ஆசிரியராக பி.ஜி. மாணவர் பெயர் வருகிறதா என்று பார். தீசிஸ் முடித்துப் போனவருடைய உழைப்பு அவர் பெயரே இல்லாமல் வெளிவருகிற இடங்கள் இருக்கின்றன. அது எந்த ஷீட்டிலும் வராது, ஆனால் மூன்றாம் வருஷ மாணவர்கள் சொல்வார்கள்.

அதனால் மூன்றாவது, அவர்களிடம் பேசு. "அங்கே அகாடெமிக்ஸ் எப்படி?" என்று கேட்டால் "நல்லா இருக்கும்" என்பார்கள்; அதில் ஒரு தகவலும் இல்லை. பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகளாகக் கேள். போன வாரம் ஜர்னல் க்ளப் நடந்ததா, யார் எடுத்தார்கள்? சீஃப் கடைசிவரை உட்கார்ந்திருந்தாரா? உன் தீசிஸ் தலைப்பை யார் தேர்ந்தெடுத்தார்கள்? எதிக்ஸ் கமிட்டி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது? புள்ளியியல் தெரிந்தவர் காலேஜில் இருக்கிறாரா, அல்லது வெளியே காசு கொடுத்துச் செய்கிறீர்களா? பழைய கேஸ் ஷீட் கேட்டால் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் (எம்.ஆர்.டி.) எத்தனை நாளில் எடுத்துத் தருவார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ரெக்கார்ட் ஒழுங்காக இல்லாத மருத்துவமனையில் பத்து லட்சம் நோயாளிகள் வந்தாலும் ஆய்வுக்கு ஒன்றும் மிஞ்சாது. முன்பு நான் இருந்த ஓரிடத்தில் பழைய ரிஜிஸ்டர்களை மழைக்காலத்தில் தண்ணீர் புகும் அறையில்தான் வைத்திருந்தார்கள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

டியூட்டி நேரமும் அகாடெமிக் விஷயம்தான், நல வாழ்வு மட்டுமல்ல. முப்பத்தாறு மணி நேரம் நின்றவள் ஜர்னல் க்ளப்பில் தூங்கத்தான் செய்வாள். ரெசிடென்டுகளுக்குத் தொடர்ச்சியாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் டியூட்டி கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே சொல்லிவிட்டது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரம் என்ற வரம்பையும் வாரம் ஒரு நாள் ஓய்வையும் பரிந்துரைத்தது. காகிதத்தில் இருப்பதைப் படித்துவிட்டு, அங்கே முதல் வருஷ பி.ஜி. கடைசியாக எப்போது ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தாள் என்றும் கேள். சர்ஜரி, ஓ.ஜி. போன்ற பிராஞ்சுகளில் முதல் வருஷம் எங்கேயும் கடினம்தான். இரண்டாம் வருஷத்திலாவது மூச்சு விட முடிகிறதா என்பதே கேள்வி.

மாவட்ட ரெசிடென்ஸி என்று மூன்று மாதம் வெளி மருத்துவமனைக்கு அனுப்புவார்களே, அதைப் பற்றிப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டாம். கேள்வி தேடுகிறவளுக்கு அது நல்ல காலம். எங்கள் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பம்மல், நாகல்கேணி, பல்லாவரம் என்று தோல் பதனிடும் தொழில் பரவியிருந்த பகுதி இது. குரோம்பேட்டை பெயரே ஒரு தோல் கம்பெனியிலிருந்து வந்ததுதான். தோல் நோய், மூச்சு நோய், நிலத்தடி நீர் என்று டெர்மடாலஜி, பல்மனாலஜி, கம்யூனிட்டி மெடிசின் மூன்று துறைக்கும் இங்கே தெருவுக்கு ஒரு தீசிஸ் எடுக்கலாம்.

இனி அப்பா கேட்ட கேள்விக்கு வருவோம். வாத்தியார் வேலை என்றால் என்ன வேலை, எப்படிக் கிடைக்கும், என்ன வரும்?

2022-ல் வந்த விதிப்படி, எம்.டி. அல்லது எம்.எஸ். முடித்து மெடிக்கல் காலேஜில் ஒரு வருஷம் சீனியர் ரெசிடென்டாக இருந்தால் அசிஸ்டென்ட் புரொஃபசர் ஆகலாம். நாலு வருஷம் கழித்து அசோசியேட், அதற்கு மூன்று வருஷம் கழித்து புரொஃபசர், நடுவில் கட்டுரைகள். 2025-ல் இதைத் தளர்த்தினார்கள். 220 படுக்கைக்கு மேல் உள்ள அரசு மருத்துவமனைகளும் கற்பிக்கும் நிறுவனங்களாகலாம், அங்கே பத்து வருஷம் வேலை பார்த்த நிபுணர்கள் நேரடியாக அசோசியேட் ஆகலாம் என்று. காலேஜ்கள் பெருகிவிட்டன, வாத்தியார்கள் போதவில்லை, அதுதான் காரணம். ஆகவே 'ஃபேகல்டி' பதவி கிடைக்குமா என்பது இன்று பெரிய கவலை இல்லை. அந்தப் பதவியில் உட்கார்ந்து ஏதாவது கண்டுபிடிக்கத் தெரியுமா என்பதுதான் கவலை, அது பி.ஜி. மூன்று வருஷத்தில் பழகுகிற விஷயம்.

அரசுக் காலேஜில் வாத்தியார் ஆக வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் ஒரு பழகிய பாதை உண்டு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வு எழுதி அசிஸ்டென்ட் சர்ஜனாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்வது, சர்வீஸ் கோட்டாவில் பி.ஜி. வாங்குவது, அப்புறம் மருத்துவக் கல்வி பக்கம் வருவது. சர்வீஸ் டாக்டர்களுக்கு மாநிலங்கள் தனி ஒதுக்கீடு தரலாம் என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டது தமிழ்நாட்டு டாக்டர்கள் சங்கம். சுற்றுப் பாதை மாதிரி தெரியும். ஆனால் பி.எச்.சி.யில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வருகிற பி.ஜி.க்கும், நேரே புத்தகத்திலிருந்து வருகிற பி.ஜி.க்கும் கேட்கிற கேள்வியிலேயே வித்தியாசம் தெரிவதை நான் பார்க்கிறேன்.

பணம். இதைத்தான் அப்பா முன்னால் பேசவில்லை. டீம்டு யூனிவர்சிட்டியில் கிளினிக்கல் சீட்டுக்கு வருஷத்துக்குப் பல லட்சம் ஆகும். வீட்டை அடமானம் வைத்து ரேடியாலஜி படித்த பெண், அசிஸ்டென்ட் புரொஃபசர் சம்பளத்தில் கடனை அடைக்க முடியாது. ஸ்கேன் சென்டருக்குத்தான் போவாள், போகத்தான் வேண்டும், அதில் தப்பில்லை. அகாடெமிக் ஆசை இருக்கிறவளுக்கு என் அபிப்பிராயம் கறார்: கடன் வாங்கி வாங்குகிற ஆடம்பர பிராஞ்சைவிட, கடனில்லாத அரசு சீட்டு மேலே. பிராஞ்ச் கொஞ்சம் மாறினாலும் பரவாயில்லை. ஆராய்ச்சிக்குப் பொறுமை வேண்டும். மாதத் தவணை கட்டுகிறவளுக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வரும்?

"அப்போ நான்-கிளினிக்கல் எடுக்கச் சொல்றீங்களா அக்கா?" என்றாள் அவள், முகம் லேசாக வாடி. எல்லோருக்கும் அப்படிச் சொல்ல மாட்டேன். நோயாளியைத் தொடாமல் இருக்க முடியாது என்கிற ஜாதி ஒன்று உண்டு, அவர்கள் மெடிசினுக்கோ பீடியாட்ரிக்ஸுக்கோதான் போக வேண்டும். ஆனால் பாரா-கிளினிக்கல் என்றாலே தோற்றவர்கள் போகிற இடம் என்ற எண்ணம் பொய். அந்த சீட்டுகள் நிறைய காலியாகப் போகின்றன என்பதும் உண்மை. 2023-ல் கட்-ஆஃபை ஜீரோ பெர்சென்டைலுக்கே இறக்கினார்கள். அதே மைக்ரோபயாலஜியை வேலூரில் எம்.டி. படித்த ககன்தீப் காங், ரோட்டாவைரஸ் ஆய்வுகளுக்காக உலகம் அறிந்தவர். இந்தியாவில் பணியாற்றிய பெண் விஞ்ஞானிகளில், லண்டன் ராயல் சொசைட்டியில் ஃபெலோவாக 2019-ல் முதன்முதலாகத் தேர்வானவர். கூட்டம் இல்லாத துறையில் புரொஃபசருக்கு உன்னிடம் பேச நேரம் இருக்கும். இது சின்ன விஷயமில்லை.

ஐ.என்.ஐ. எனப்படும் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்கள் பற்றி. டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ., பெங்களூர் நிம்ஹான்ஸ், நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர். இவற்றுக்குத் தனித் தேர்வு, ஜனவரிக்கும் ஜூலைக்குமாக வருஷத்தில் இரண்டு முறை. ஆய்வுதான் வாழ்க்கை என்று முடிவு செய்தவள் இதை ஒருமுறையாவது முயன்று பார்க்க வேண்டும் என்பேன். கிராண்ட் எழுதுவது, லேப் நடத்துவது எல்லாம் அங்கே தினசரிப் பேச்சு. ஆனால் எய்ம்ஸ் என்ற பெயருக்காக மட்டும் எந்த எய்ம்ஸையும் மேலே போடாதே. புதிதாக வந்தவற்றில் சில துறைகள் அருமையாக இருக்கின்றன, சிலவற்றில் ஓ.பி.யே இன்னும் நிரம்பவில்லை. துறை ஆரம்பித்து எத்தனை பேட்ச் வெளியே போயிருக்கிறது என்று பார்.

மருத்துவமனைகளில் படிக்கிற டி.என்.பி. சீட்டைப் பற்றியும் அதே மாதிரிதான். மருத்துவமனை நல்லதாக இருக்கலாம். ஆனால் காலேஜ் ஃபேகல்டி ஆக டி.என்.பி.க்காரர்களுக்கான விதி படுக்கை எண்ணிக்கையைப் பொறுத்துப் பல தடவை மாறியிருக்கிறது. அன்றைய விதியைப் படித்துவிட்டுப் போடு. கண் மருத்துவம் மட்டும் இதில் விதிவிலக்கு மாதிரி. மதுரை அரவிந்த், 1976-ல் டாக்டர் வெங்கடசாமி பதினொரு படுக்கையோடு ஆரம்பித்தது, பல மெடிக்கல் காலேஜ் துறைகளைவிட அதிகமாக ஆய்வு செய்கிறது. ஆஃப்தல்மாலஜி என்று உறுதியாக இருப்பவள் அங்கே உள்ள சீட்டை மேலே போடத் தயங்கக் கூடாது.

இப்போது வரிசை. எல்லாப் பிள்ளைகளும் பிராஞ்ச் பிராஞ்சாகக் கட்டி அடுக்குகிறார்கள்: முதலில் எல்லாக் காலேஜிலும் ரேடியாலஜி, அது முடிந்ததும் எல்லாக் காலேஜிலும் டெர்மா, பிறகு மெடிசின். இது பிராஞ்ச் ஒன்றுதான் முக்கியம் என்று நினைக்கிறவர்களின் லிஸ்ட். அகாடெமிக் ஆசைக்காரி இரண்டோ மூன்றோ பிராஞ்சை மனசுக்குள் ஏற்றுக்கொண்டு, துறைகளைக் கலந்து போட வேண்டும். நன்றாக வேலை நடக்கிற மெடிசின் துறை, தூங்கி வழிகிற பீடியாட்ரிக்ஸ் துறைக்கு மேலே. நல்ல பீடியாட்ரிக்ஸ், சுமாரான மெடிசினுக்கு மேலே. ஒவ்வொரு ஜோடியாக எடுத்து, 'இரண்டும் காலியாக இருக்கு, எது வேணும்?' என்று கேட்டுக்கொண்டே போனால் லிஸ்ட் தானாக அமைந்துவிடும். அவளுக்கு இப்படிச் செய்துபார்த்தபோது, சென்னைப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றும் தெற்கு மாவட்டக் காலேஜ் ஒன்றும் மோதின. பெயரை வைத்துப் பார்த்தால் சென்னைதான். ஆனால் தீசிஸ் பட்டியலைப் பார்த்தபோது, தெற்கில் ஒரே கைடிடம் மூன்று வருஷமாகப் பாம்புக்கடி பற்றித் தொடர்ச்சியாக வேலை நடந்திருந்தது. அவள் அதை மேலே ஏற்றினாள். அப்பா, "பம்மல்ல இருந்து தினமும் போய்ட்டு வர முடியாதே" என்றார். எங்கே சேர்ந்தாலும் முதல் வருஷம் தினமும் வீட்டுக்கு வர முடியாது சார் என்றேன்.

கைடு மாற்றலாகிப் போய்விட்டால்? அரசுக் காலேஜில் இது நடக்கும், அடிக்கடி. ஆகவே ஒரே ஆளை நம்பி ஒரு துறையைத் தேர்ந்தெடுக்காதே, குறைந்தது இரண்டு பேராவது இருக்கிறார்களா என்று பார். ரிட்டயர்மென்ட் தேதியையும் கூச்சப்படாமல் விசாரி.

கருவி இல்லை, லேப் இல்லை என்று ஒரு நல்ல கைடை ஒதுக்காதே. சென்னையில் அம்பத்தூர் பக்கம் ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. பி.ஜி.க்கள் எல்லோரும் முடித்தாக வேண்டிய ஆன்லைன் ஆராய்ச்சி முறைப் பாடத்தை நடத்துவதே அவர்கள்தான். சேத்துப்பட்டில் காசநோய் நிறுவனம், கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட். இங்கெல்லாம் பேச்சு வார்த்தை உள்ள துறையில் சேர்ந்தால் உன் லேப் அந்தத் துறைச் சுவரோடு முடியாது.

கடைசியாக ரவுண்டுகள். முதல் ரவுண்டில் கிடைத்தது பிடிக்காவிட்டால் சேராமல் விட்டுவிடலாம், பணம் போகாது. இரண்டாவதிலிருந்து விட்டால் டெபாசிட் போகும். அகில இந்திய கோட்டாவில் பொதுப் பிரிவுக்கு 25,000, டீம்டில் இரண்டு லட்சம். அப்கிரேடுக்குச் சம்மதம் கொடுத்து அடுத்த ரவுண்டில் வேறு சீட் விழுந்தால், கையில் இருக்கிற சீட் அந்த நிமிஷமே வேறொருவருக்குப் போய்விடும். அதனால் இரண்டாம் ரவுண்ட் லிஸ்டில், கையில் இருப்பதைவிட நிஜமாகவே மேலானவை மட்டும் இருக்கட்டும். முதல் ரவுண்ட் லிஸ்டை அப்படியே காப்பி போட்டுவிட்டுப் பிறகு அழுகிறவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். மூன்றாவதில் சேர்ந்துவிட்டால் அந்த வருஷத்துக்கு அதுதான். மாநிலக் கவுன்சலிங்கை கீழ்ப்பாக்கத் தேர்வுக் குழு தனியாக நடத்துகிறது; பாண்ட் எத்தனை வருஷம், எவ்வளவு என்பதை அந்த வருஷ ப்ராஸ்பெக்டஸிலேயே பார், போன வருஷத்து சீனியர் சொன்னதை நம்பாதே. லாக் செய்ய மறந்தால் நேரம் முடிந்ததும் தானாக லாக் ஆகிவிடும். ஆனால் அரைகுறை லிஸ்டும் அப்படியே லாக் ஆகும், அதனால் முந்தின நாள் சாயங்காலமே முடித்து பி.டி.எஃப். எடுத்து வைத்துக்கொள்.

சீனியர் ரெசிடென்ட் வருஷத்தைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் இரண்டாம் ரவுண்ட் முடிந்ததும் தனியாக எழுதுகிறேன். அதுவரை ஷீட் அனுப்புகிறவர்கள் தீசிஸ் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் திறந்து பார்க்க மாட்டேன்.